புல்தரையும் என் ஐந்து பக்க மனுவும்

டெல்லியில் இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். அவ்வளவு காலத்தில் ஒரு தடவைகூட நான் புல்தரையில் உட்கார்ந்ததில்லை. இதை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த நாட்கள் உண்டு. இப்போது யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

கோல் மார்க்கெட் பக்கம் எங்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸ். நாலு பக்கமும் வீடுகள், நடுவில் ஒரு புல்வெளி. மொத்தத்தையும் 'ஸ்கொயர்' என்பார்கள். பாதி புல், பாதி மண், ஒரு ஓரத்தில் வேப்பமரம், அதன் அடியில் இஸ்திரிக்காரரின் மேஜை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வருகிறவர்கள் குறுக்கே நடந்து நடந்து, மூலைக்கு மூலை ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. அந்தப் பாதையில் கால் வைக்காத ஒரே ஜீவன் நான்தான். கையில் காய்கறிப் பை கனத்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி, சிமெண்ட் நடைபாதையில் இரண்டு பக்கம் சுற்றித்தான் வீட்டுக்குப் போவேன். நடப்பதற்கென்று சர்க்கார் ஒரு பாதை போட்டுக் கொடுத்திருக்கும்போது புல்லை ஏன் மிதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் வளர்ந்தது திருநெல்வேலியில். அங்கே எந்த இடத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். ரதவீதி சாமிக்கு. ஆற்றில் இந்தப் படித்துறை இவர்களுக்கு, அந்தப் படித்துறை அவர்களுக்கு. பள்ளிக்கூட மைதானம் டிரில் மாஸ்டருக்கு. யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாரும் உட்காரக்கூடிய இடம் என்று ஒன்றை டெல்லிக்கு வரும்வரை நான் பார்த்ததே இல்லை. பார்த்தபோது, யாரோ ஒளிந்திருந்து நம்மைப் பிடிக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றியது.

ஊரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. என் தம்பியும் அதே வீட்டுச் சோற்றைத்தான் தின்றான். ஒரு வேலைக்கான பரீட்சை எழுத டெல்லிக்கு வந்தவன், பெட்டியை வைத்த ஒரு மணி நேரத்தில் ஸ்கொயர் நடுவே முகத்தில் பேப்பரை மூடிக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பித் திட்டினேன். "ஏண்ணே, புல்லு என்ன உங்க ஆபீஸ்லயா வேலை பாக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறவிக் குணம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

எனக்கு ஓர் அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க் வேலை. டிராஃப்டிங்கில் புலி என்று பெயர் வாங்கியிருந்தேன். ஒரு வரியில் முடிகிற விஷயத்தை நான் மூன்று பத்தியில், கோப்பு எண்களோடு, பின்னிணைப்போடு எழுதிக் கொடுத்தால் செக்ஷன் ஆபீசர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். இந்தத் திறமைதான் பிறகு என் வீட்டையே குளிரவைத்தது.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் மனைவி திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியது ஒரு டிசம்பரில். எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. குளிர்காலத்தில் ஒரு பொட்டு வெயில் உள்ளே வராது. கூடத்தில் கரி அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். ஹிந்தியில் அவளுக்கு ஓர் எழுத்து தெரியாது. சாயங்காலம் நான் வரும்போது அவள் கையைத் தொட்டால் பானைத் தண்ணீரில் கை விட்டது போலிருக்கும். விரல் கணுவெல்லாம் வெடித்திருந்தது.

ஒரு நாள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு நின்றபடியே சொன்னாள். "தை பொறக்கட்டும். என்னக் கொண்டு போய் ஊர்ல விட்டுருங்க. இங்க மனுசமக்க மூஞ்சியே பாக்க முடியல."

விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். ஊருக்குக் கடிதம் எழுதி அண்ணனை வரச்சொல்லியும் விட்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அவளைக் காப்பாற்றியது நானில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள். பிரிவினையின்போது லாகூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இரண்டு வருஷம் முகாம் கூடாரத்தில் இருந்தவர்களாம். நல்ல ஆகிருதி, ஸ்கொயருக்கே கேட்கும் குரல். காலை வேலை முடிந்ததும் கயிற்றுக் கட்டிலை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு போய்ப் புல்வெளியில் போடுவார். ரஜாயை, பஞ்சு அடைத்த போர்வையை, வெயிலில் விரிப்பார். பட்டாணியை உரிப்பார், கம்பளி பின்னுவார், அங்கேயே தூங்குவார். புல்வெளி என்பது அவருக்குத் தன் வீட்டின் இன்னொரு அறை. கூரை போட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, கரி அடுப்பையும் என் மனைவியையும் பார்த்துவிட்டு, "அரே! தூப் மே பைட்டோ!" என்று கையைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார். தூப் என்றால் வெயில். வெயிலில் போய் உட்கார் என்கிறார். என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. எங்கள் ஊரில் வெயில் என்பது விரோதி. கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, குடையைப் பிடித்து ஓடி ஒளிய வேண்டிய விரோதி. வேண்டுமென்றே அதில் போய் உட்காருவது பைத்தியக்காரர்கள் செய்கிற காரியம்.

"நாலு ஆம்பிளைய போற வார எடத்துல பொம்பள கால நீட்டி உக்காருவாளா? பாக்கவங்க என்ன நெனைப்பாவ?" என்று அன்றைக்கு என்னிடம் கேட்டாள்.

"யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்றேன். என் மனசிலும் அதே கேள்விதான் இருந்தது என்பதைச் சொல்லவில்லை.

முதல் நாள் கட்டிலின் ஓரத்தில், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, விசாரணைக்கு வந்தவள் போல உட்கார்ந்தாளாம். மூன்றாம் நாள் ஒரு கூடை பட்டாணியை அவள் மடியில் கவிழ்த்துவிட்டார்கள். பத்தாம் நாள் கால் நீண்டுவிட்டது. பொங்கல் வந்தபோது அவள் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசவே இல்லை. ஸ்கொயர் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் போயிற்று. அண்ணனுக்கு வர வேண்டாமென்று இன்னொரு கடிதம் போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் அவள் பேசிய ஹிந்தி, ஆண்பால் பெண்பால் எதுவும் பார்க்காமல் எல்லாரையும் அடித்துத் தள்ளிக்கொண்டு ஓடும். அதைக் கேட்டுப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். கை வெடிப்பெல்லாம் ஆறிப் போயிருந்தது.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து வரும்போது அந்தக் கூட்டத்தைப் பார்ப்பேன். நடுவில் என் மனைவி. எனக்கு வெட்கமாக இருக்கும். பார்க்காதவன் மாதிரி அந்தப் பக்க நடைபாதையில் சுற்றிப் போவேன். "எங்காளு போறாரு பாரு, சிலோன் சுத்தி" என்று அவளே மற்றவர்களுக்குக் காட்டிச் சிரிப்பாளாம்.

எதிர் வரிசையில் ஒரு வங்காளி பாபு இருந்தார். அவருக்குப் புல்வெளி என்பது பார்ப்பதற்கான ஒன்று. சாயங்காலம் குரங்குக் குல்லாயும் மப்ளருமாக வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேப்பமரத்தையும் வானத்தையும் ரசிப்பார். கட்டிலும் ரஜாயும் காட்சியைக் கெடுக்கின்றன என்று என்னிடம் ஆங்கிலத்தில் வருந்துவார். பனி இறங்கத் தொடங்கும் முன் ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரே புல், ஒரே மண். ஆளுக்கு ஆள் அது வேறு வேறு இடமாக இருந்தது. இதை நான் அப்போதே புரிந்துகொண்டிருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

கல்யாணமான மூன்றாம் வருஷம், மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு செய்தி பரவிற்று. பூங்காக்களைப் பராமரிக்கும் இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்து நாடா பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். புல்வெளியில் பாதியை எடுத்து சிமெண்ட் மூட்டை அடுக்க ஒரு கொட்டகை போடப்போகிறார்களாம். ஸ்கொயரே என் வீட்டு வாசலில் கூடிவிட்டது. பஞ்சாபி அம்மாள் கையைக் கூப்பினார். "பாபுஜி, உங்க இங்கிலீஷ் இருக்கிறப்போ எங்களுக்கு என்ன பயம்? ஒரு அர்ஜி எழுதுங்க." அர்ஜி என்றால் மனு. எனக்குத் தலை கால் புரியவில்லை. அதுவரை என்னை 'அந்த மத்ராஸி' என்றுதான் சொல்வார்கள்.

"நாலு வரி எழுதுங்க போதும். பொம்பளைய வெயில் காய வேற எடமில்ல, கொட்டாயி வேண்டாம்னு" என்றாள் மனைவி.

நாலு வரியாம்! ஆதாரமில்லாத கோரிக்கை ஆபீசில் எப்படிக் குப்பைக் கூடைக்குப் போகும் என்று எனக்கல்லவா தெரியும். புல்வெளி எத்தனை வகையில் பயன்படுகிறது என்று நிரூபிக்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போனேன். யார், என்ன, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம். எல்லாம் குறித்துக்கொண்டேன். ஐந்து பக்கம் வந்தது. அதில் மூன்று பக்கம் பின்னிணைப்பு. ஒன்று: கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தல். இரண்டு: ரஜாய், மெத்தை உலர்த்துதல். மூன்று: மகளிர் கூட்டமாக அமர்ந்து கம்பளி பின்னுதல், பட்டாணி உரித்தல், இன்ன பிற சமையல் ஆயத்தங்கள். நான்கு: ஊறுகாய் ஜாடிகளை வெயிலில் வைத்தல். ஐந்து: கல்யாணப் பந்தல். ஆறு: இஸ்திரி மேஜை. இப்படிப் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் வீட்டு எண், நேரம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான்.

அவள் முகம் சுருங்கிற்று. "ஏங்க, இதெல்லாம் எதுக்கு அவன்கிட்ட சொல்லுதிய? எவன் கேட்டான்? நொணலும் தன் வாயால கெடும்னு சொல்லுவாவ."

"ஒனக்கு ஆபீஸ் விஷயம் தெரியாது. சும்ம கெட" என்றேன்.

மறுநாள் முப்பத்திரண்டு குடும்பமும் கையெழுத்துப் போட்டது. நானே டைப் அடித்து, நகல் எடுத்து, நேரில் கொண்டு போய்க் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்துவிட்டது. கொட்டகைத் திட்டம் கைவிடப்பட்டது! மனுவில் கண்ட விவரங்கள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டன என்று ஒரு வரி வேறு. பஞ்சாபி அம்மாள் லட்டு விநியோகித்தார். வங்காளி பாபு கையைக் குலுக்கினார். நான் ஆபீசில் அந்தக் கடிதத்தை நாலு பேருக்குக் காட்டினேன். மனைவிகூட, "பரவால்லயே, நான்தான் வாயக் குடுத்துட்டேன்" என்றாள்.

பதினைந்து நாள் கழித்து ஒரு லாரி வந்தது. இரும்புக் கம்பங்கள், முள்கம்பிச் சுருள்கள், ஒரு கேட், ஒரு பூட்டு, ஒரு பலகை. நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் வேலி போட்டு முடித்திருந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. சாவி இலாகா அலுவலகத்தில் இருக்கிறதாம். இஸ்திரி மேஜை வேலிக்கு வெளியே நின்றது. பலகையைச் சுற்றிக் கூட்டம். ஆங்கிலத்தில் இருந்ததால் எனக்காகக் காத்திருந்தார்கள்.

'இந்தப் பூங்காவில் கீழ்க்கண்டவை தடை செய்யப்பட்டுள்ளன.' பதினொன்று இருந்தன. என் வரிசையில், என் வார்த்தையில். 'இன்ன பிற சமையல் ஆயத்தங்கள்' என்பது வரை ஒரு எழுத்து மாறவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிவது என்றால் என்ன என்று ஊரில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தக் குரங்கை நேரில் பார்த்தேன், நானே பெற்ற பிள்ளை மாதிரி முழித்துக்கொண்டு நின்றது.

ஹிந்தியில் ஒவ்வொன்றாகப் படித்தேன். பிறகு மனைவிக்குத் தமிழில்.

"மூணாவது நாங்கதான, என்ன?" என்று கேட்டாள்.

"ஆமா."

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பஞ்சாபி அம்மாளுக்குக் கோபமே வரவில்லை. "ஹாய் ராம், எவ்வளவு பெரிய பலகை!" என்று சிரித்தார். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்காரர் ஒரு கட்டிங் பிளேயரோடு வந்து, ஒற்றையடிப் பாதை இருந்த மூலையில் முள்கம்பியை இரண்டு வரிசை வெட்டிவிட்டார். அன்று மத்தியானமே கட்டில் உள்ளே போயிற்று. ஈர ரஜாயைக் காயப்போட பலகை மிகவும் வசதியாக இருந்தது. உயரமும் சரி, அகலமும் சரி. இலாகாவின் மாலி, தோட்டக்காரர் ஒருவர், வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்ற வருவார். அவரும் சாவி கொண்டு வர மறந்துவிட்டு, அந்த ஓட்டை வழியாகவே நுழைந்து, கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். வங்காளி பாபு மட்டும் வேலியால் காட்சி இன்னும் கெட்டுவிட்டது என்று புதிதாக வருந்தினார்.

ஆக, அந்த உத்தரவை மதித்தது இந்திய தேசத்திலேயே ஒரே ஒரு குடும்பம். ஓர் அரசு ஊழியன் எழுதிய மனுவின் மேல் வந்த உத்தரவை அவன் வீட்டுக்காரியே மீறலாமா? யாராவது மொட்டைக் கடுதாசி போட்டால்? மெமோ வந்தால்? மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"சரி, போகல" என்றாள்.

சொன்னபடி போகவில்லை. குளிர் தொடங்கியதிலிருந்து வடக்கு ஜன்னலில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் வேலிக்குள் வெயில் மஞ்சளாக விழுந்து கிடப்பதும், பெண்கள் சிரிப்பதும் தெரியும். "பெஹன்ஜி, ஆஜா!" என்று கூப்பிடுவார்கள். தலைவலி என்பாள். தினமும் என்ன தலைவலி என்று பஞ்சாபி அம்மாள் தைலம் கொண்டு வந்து கொடுத்தார். வேலி போட்டது என் பேனா, தலைவலி என் மனைவிக்கு. கரி அடுப்பு திரும்பவும் கூடத்துக்கு வந்தது. விரல்கள் வெடித்தன. ஒரு நாள் அவள் கையைப் பிடித்தேன். அதே பழைய பானைத் தண்ணீர்.

"தை பொறந்ததும் ஊருக்குப் போயிட்டு வாரேன்" என்றாள், கையை இழுத்துக்கொள்ளாமலே. போயிட்டு வாரேன் என்றாளே தவிர, எப்போது வருவேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் பயந்தேன். பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். நாலு வரி எழுதத் தெரியாமல் ஐந்து பக்கம் எழுதிய மடையன் நான் என்று அன்று ராத்திரி முழுக்கத் திட்டிக்கொண்டேன். விடிந்ததும் வழக்கம்போல ஆபீசுக்குப் போனேன்.

ஜனவரியில் ஒரு நாள். ஆபீசில் எனக்கு ஜுரம் அடித்தது. மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நடைபாதையில் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தால் வீடு பூட்டியிருக்கிறது. அவள் அந்த நேரத்தில் வீட்டைப் பூட்டியதே இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இருக்கிறதா என்று இருட்டில் தெரியவில்லை. அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட்டது.

அப்போது முதுகுப் பக்கம் சிரிப்புச் சத்தம். என் மனைவியின் சிரிப்பு.

திரும்பினேன். வேலிக்குள்ளே, சரியாகப் பலகைக்கு நேர் கீழே, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பின்னல் ஊசி, மடியில் நீலக் கம்பளி. பக்கத்தில் உரித்த பட்டாணி ஒரு தட்டு. அவள் செய்தது ஒன்று விடாமல் என் மூன்றாவது விதி. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. நடைபாதையில் சுற்றி எதிர்மூலைக்குப் போய் வேலி ஓரம் நின்றேன். நான் நின்றது மரத்து நிழலில். மூன்றடி தள்ளி வெயில்.

"சாவி" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. "உள்ள வந்து வாங்கிக்கிடுங்க."

பஞ்சாபி அம்மாள் குஷியாகிவிட்டார். ஓடி வந்து ஓட்டையில் தொங்கிய கம்பியை ஒரு குச்சியால் தூக்கிப் பிடித்து, மாப்பிள்ளையை அழைப்பது போல "ஆயியே, பாபுஜி, ஆயியே!" என்றார். எல்லாப் பெண்களும் பின்னுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன். ரஜாய் தொங்கியதால் ஆறாவது விதிவரை மறைந்திருந்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும். ஜுரத்தில் உடம்பு நடுங்குகிறது. எதிரே அவ்வளவு வெயில். கால் வரவில்லை. பயம்கூட இல்லை. என் காலுக்கு அது தெரியவே தெரியாது, அவ்வளவுதான்.

"தூக்கிப் போடு" என்றேன்.

போட்டாள். வேலிக்கு ஒரு முழம் முன்னாலேயே புல்லில் விழுந்தது. கம்பிக்குள் கையை விட்டுத் துழாவினேன். எட்டவில்லை. முள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

கடைசியில் அவள் எழுந்து வந்தாள். சாவியை எடுத்து, முள்ளில் மாட்டியிருந்த சட்டையை விடுவித்து, என் உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டாள். அவள் கை சுட்டது. ஜுரம் எனக்குத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கைதான் சுட்டது.

"சாவி எடுத்துக் குடுக்கது உங்க லிஸ்ட்ல விட்டுப்போச்சு" என்றாள். "பன்னெண்டாவதா அதையும் எழுதிப் போட்டுருங்க."

பிறகு என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஜொரமா இருக்கே. போய்ப் படுங்க. இந்த வரிசைய முடிச்சிட்டு வந்து கஞ்சி வைக்கேன்."

அந்தத் தைக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. அதற்கடுத்த தைக்கும் போகவில்லை. நீலக் கம்பளி எனக்கு ஸ்வெட்டராக வந்தது, பத்து வருஷம் போட்டேன். அன்றைக்குக் கையில் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுங்கியபடி, வேலியின் இரண்டு பக்கமும் முழுசாகச் சுற்றித்தான் நான் வீட்டுக்குப் போனேன்.